மேபலின் குழாயும் ஷிராணியின் குழாயும்

மஹய்யாவ, கண்டி.
திங்கட்கிழமை காலை.

அன்பு மகன் லியோனுக்கு,

முதலில் என் எழுத்துக்காக மன்னித்துக்கொள். சில இடத்தில் பெரிதாகவும் சில இடத்தில் எறும்பு மாதிரியும் இருக்கும், கோட்டுக்கு மேலே ஏறியும் இருக்கும். ஒரு வரி எழுதி முடிக்க ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. இங்கே நானும் அம்மாவும் உன் அக்காமார் இரண்டு பேரும் உயிரோடும் சாப்பாட்டோடும் இருக்கிறோம். ஜெர்மனிக் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று அம்மா செபமாலையில் ஒரு மணி கூடுதலாக உருட்டுகிறாள். மாநகரசபையில் முப்பத்தொரு வருசம் பெருவிரலை மையில் தோய்த்து வைத்த கைதான் இதை எழுதுகிறது. கோயில் மண்டபத்தில் நல்லம்மா டீச்சர் எங்களைப் போல ஒன்பது கிழவன் கிழவிகளை உட்கார வைத்துப் படிப்பித்ததில் நான்தான் முதலாவதாகக் கொப்பியை முடித்தேன். அந்தச் சந்தோசம் எனக்கு இன்னும் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் முதல் கடிதம் இப்படிப்பட்ட விசயத்துக்காக எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

நேற்று ஷிராணி போனில் பேசி அனுப்பியதற்கு நீ பதில் அனுப்பினாயே, அப்பாவே தன் கையால் எழுதட்டும், எது முதலில் எது பிறகு என்று ஒன்றும் விடாமல் எழுதட்டும், குழாய்களின் பதிவோடு அதை வைக்க வேண்டும் என்று. அதனால் எழுதுகிறேன். இதை மேபலிடமோ ஷிராணியிடமோ கொடுத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். உள்ளே அவர்கள் வாசிக்கக் கூடாத ஒரு பகுதி இருக்கிறது. சந்தியில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் ரஸீனிடம் கொடுப்பேன். ஒரு நாளைக்கு நூறு பேருடைய கடிதாசியைப் படம் எடுக்கிறேன், எல்லாருடையதையும் வாசித்தால் என் தலை வெடித்துவிடும் மாமா என்று அவன் சொல்லுவான், அவனை நம்பலாம்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது மூன்று மாசத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை. எச்சில் துப்பி அனுப்ப ஆறு குழாய், அதில் நான்கு எங்களுக்கு, ஒன்று பழுதானால் மாற்ற இரண்டு கைகாவலுக்கு என்று சொல்லியிருந்தாய். துப்புவதற்கு முன் அரை மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்றும், ஒவ்வொரு குழாயிலும் கோடு கோடாக ஒரு இலக்கம் இருக்கும், பெயர் எழுதிய ஸ்டிக்கரை அவரவர் குழாயில் உடனே ஒட்ட வேண்டும் என்றும் சொன்னாய். உடனே என்றுதான் சொன்னாய், நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெயர்களை மேபல் எழுத வந்தாள், நான் விடவில்லை. என் வீட்டில் முதன்முதலாக என் கையெழுத்து ஒரு காரியத்துக்கு உதவப் போகிறது என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. மறுநாள் விடியவே எழுந்து நான்கு ஸ்டிக்கரையும் எழுதி மேசை ஓரத்தில் வயசுப்படி வரிசையாக வைத்தேன், நான், அம்மா, மேபல், ஷிராணி.

ஆனால் துப்பியது அந்த வரிசையில் இல்லை. ஷிராணிக்கு அப்போது நான்கு மாசம், பசி தாங்க மாட்டாள். வயித்துப் பிள்ளைக்காரிய காக்க வைக்கிறதா, அவ மொதல்ல துப்பிட்டு ரொட்டி திங்கட்டும் என்று அம்மா சத்தம் போட்டாள். அதனால் ஷிராணி முதலில் துப்பி, குழாயை முட்டை அட்டையின் குழியில் குத்தி வைத்துவிட்டு ரொட்டி சாப்பிடக் குசினிக்குப் போய்விட்டாள். அடுத்தது மேபல் துப்பி அதற்கு வலது பக்கத்தில் வைத்தாள். பிறகு நான், என் குழாயை என் கையிலேயே வைத்து ஒட்டிவிட்டேன். அம்மா வாயைத் திறந்தால் வெற்றிலை. குழாய் சிவப்பாகப் போனால் மகன் என்ன நினைப்பான் என்று மேபல் கத்தி, அம்மா நான்கு தரம் வாய் கொப்பளித்து ஒரு மணித்தியாலம் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இடைவெளியில்தான் நான் அட்டையில் நின்ற இரண்டு குழாய்க்கும் ஒட்டினேன். மேசை ஓரத்தில் இடது பக்கம் மேபலின் பெயர், வலது பக்கம் ஷிராணியின் பெயர், மூத்தவள் முதல் என்றபடி. அட்டையில் இடது பக்கம் நின்றது யாருடைய குழாய் என்று நான் கேட்கவில்லை. இடது பக்கத்து ஸ்டிக்கரை இடது பக்கத்துக் குழாயில் ஒட்டினேன். ஸ்டிக்கர் கோணாமல் இருக்க வேண்டும் என்பதில்தான் என் மூச்செல்லாம் இருந்தது. ஒட்டி முடிந்ததும் ஷிராணி வந்து பார்த்து, அச்சடிச்ச மாதிரி இருக்குப்பா என்றாள். நானும் சிரித்தேன்.

நான் பிசகாக ஒட்டினேன் என்று சத்தியம் பண்ண முடியாது. மேசையைத் துடைக்கும்போது அட்டையைத் தூக்கித் திருப்பி வைத்திருப்பேனோ என்று மேபல் நேற்றுச் சொன்னாள். அப்படித் திருப்பியிருந்தால் சரியாக ஒட்டியிருக்கிறேன், திருப்பாவிட்டால் மாறி ஒட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியாது மகன். இதுதான் நடந்தது.

போன செவ்வாய்க்கிழமை நீ வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்து முடிவைப் போனில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விளக்கமாகச் சொன்னாய். எனக்கு விளங்கிய அளவை எழுதுகிறேன், பிழை என்றால் திருத்து. மனிசனுடைய உடம்புக்குள் முந்நூறு கோடி எழுத்து, ஆனால் நாலே நாலு வகை. நான் இருநூற்று நாற்பத்தேழு படித்தேன் என்று அப்போது பெருமையாகச் சொன்னது நான்தான். மிஷின் அந்த எழுத்தைத் துண்டு துண்டாக வாசிக்கும், ஒரு புரோகிராம் துண்டுகளை அததன் இடத்தில் பொருத்தும், இன்னொன்று எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று பட்டியல் போடும். இரண்டு வருசத்துக்கு முன் உன் இரத்தத்தில் இருதயத்துக்குரிய இடத்தில் ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தும், அது கெடுதலா இல்லையா என்று தெரியாது என்றுதான் ரிப்போர்ட் வந்தது, உலகத்துப் பட்டியல்களில் நம் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பேர்தான் இருந்ததால். இப்போது நம் பக்கத்து ஆட்களையும் சேர்த்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் அந்த மாற்றம் இல்லை. புதிதாக வந்த ஒரு புரோகிராம் மீன், எலி, குரங்கு எல்லாவற்றிலும் அந்த இடத்து எழுத்தைப் பார்த்து, இத்தனை உயிரும் மாற்றாமல் வைத்திருக்கிற எழுத்து மாறினால் ஆபத்து என்று சொல்கிறது. எங்கள் குழாய்களிலும் தேடியதில் எனக்கு இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை, மேபலுக்கு இருக்கிறது, ஷிராணிக்கு இல்லை என்றாய்.

கட்டுகஸ்தோட்டை ஆற்றில் குளிக்கப் போன உன் அண்ணன் மத்தியூவை இருபத்துமூன்று வயசில் தூக்கிக்கொண்டு வந்தபோது, குடித்திருப்பான் என்றார்கள், பேய் அடித்தது என்றார்கள். அவன் நீந்தத் தெரிந்த பிள்ளை. அவன் இருதயத்தை நிறுத்தியது என்னிடமிருந்து அவனுக்குப் போன எழுத்து என்று இப்போது தெரிகிறது. அதை நான் தெரிந்து கொடுக்கவில்லை, ஏன் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டிக்கரை ஒட்டியது நான்தான், அதற்கு வேறு யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

இது ஆராய்ச்சி முடிவு, டொக்டர் ரிப்போர்ட் இல்லை, ஆஸ்பத்திரியில் புது இரத்தம் எடுத்துப் பார்க்கும் வரை, உன் ரிப்போர்ட் வந்ததில் இருந்து அக்காமார் முன்காவலாக விழுங்கிவரும் இருதயக் குளிசை மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது என்று நீ இரண்டு தரம் சொன்னாய். சொன்னாய், ஆனால் அழுகையிலும் சிரிப்பிலும் யார் கேட்டார்கள். மேபல் மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தன் மகளின் பெயரை ஓட்டப் போட்டியில் இருந்து வெட்டிவிட்டு வந்தாள், பிள்ளை இரண்டு நாள் தாயோடு பேசவில்லை. ஷிராணிக்குக் கிளினிக்கில் வயிறு அளந்த நர்ஸ் மிஸ், பிள்ளை கொஞ்சம் சின்னது என்று சொன்னதில் இருந்து, இருதயக் குளிசைதான் பிள்ளையை வளர விடவில்லை என்று ஒரு பயம். புதன்கிழமை அவளுடைய குளிசை அட்டையைப் பார்த்தேன், எட்டுக் குளிசை மிச்சம். வியாழன் எட்டு. வெள்ளி எட்டு. சனிக்கிழமையும் எட்டு.

செவ்வாய்க்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்தது. நீ சொன்னாய், ஆண் குழாய் ஆணுடையதுதான், பெண்பிள்ளை இரண்டு பேரும் இந்தத் தாய் தகப்பனின் பிள்ளைகள்தான் என்று புரோகிராம் சரி பார்த்துவிட்டது, ஒரு தவறும் இல்லை என்று. நான் விளையாட்டாகக் கேட்கிற மாதிரி, அந்தப் புரோகிராமுக்கு எது மூத்தவள் எது இளையவள் என்று தெரியுமா என்று கேட்டேன். நீ சிரித்து, அதெல்லாம் தெரியாதுப்பா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி மகள்தான் என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த நேரம் முட்டை அட்டைதான் கண்ணில் வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நல்லம்மா டீச்சர் கொடுத்த சான்றிதழை ஷிராணி கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. இதைவிடக் கேவலமான காரணம் எனக்குச் சொல்லத் தெரியாது.

இனி வருவதுதான் அவர்கள் வாசிக்கக் கூடாதது. அந்த நாலு நாளும் நான் செபம் பண்ண முழங்காலில் நின்றால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஸ்டிக்கர் சரியாக இருக்கட்டும் ஆண்டவரே என்று கேட்டால் மேபலுக்கு வியாதி இருக்கட்டும் என்று கேட்கிறேன். மாறிப் போயிருக்கட்டும் என்று கேட்டால் ஷிராணியையும் வயிற்றுப் பிள்ளையையும் காட்டிக் கொடுக்கிறேன். வாயை மூடிக்கொண்டு எழும்பினேன்.

நேற்றுப் பூசை முடிந்து இறங்கி வரும்போது ரோட்டில் ஒரு லொறியின் டயர் வெடித்தது. ஷிராணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். திடீர்ச் சத்தம் இந்த வியாதிக்கு ஆகாது என்று நீ சொல்லியிருக்கிறாய். அவள் முகம் வெளுத்து நெற்றியெல்லாம் வேர்வை. ஒன்றும் நடக்கவில்லை மகன், பயம்தான், தண்ணீர் குடித்து எழும்பி நடந்தாள். ஆனால் அவள் படியில் இருந்த அந்த ஒரு நிமிசத்தில் நான் மத்தியூவைப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, மூன்று பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா, பேனைய புடிச்ச நாள்ல இருந்து இந்த மனுசனுக்குத் தலக்கனம், என்னைய வாய் கழுவ வச்சிட்டு இவரு செஞ்ச வேலயப் பாருங்க என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஷிராணி கத்தவில்லை. மாத்தி ஒட்டுனா அது கை தப்புப்பா, நான் குளிசைய நிப்பாட்டுனத பாத்துக்கிட்டே நாலு நாளு வாய மூடிக்கிட்டு இருந்தீங்களே, அது என்னா தப்பு என்று கேட்டாள். மேபல்தான் எழும்பிப் போய் அலுமாரியில் இருந்து அட்டையை எடுத்து வந்து, ஒரு குளிசையைப் பிதுக்கித் தங்கச்சியின் கையில் வைத்தாள். அவள் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேபலுக்குத் தெரியாமலே வாயில் வந்துவிட்டது, அப்ப எனக்கு இல்லாமலும் இருக்கலாமாப்பா என்று. சொன்ன உடனே தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஷிராணி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இரேன் அக்கா, இன்னும் ஒண்ணும் தெரியாதில்ல என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அதற்குப் பிறகுதான் உனக்குப் பேசி அனுப்பினார்கள்.

கைகாவலுக்கு அனுப்பிய இரண்டு குழாயிலும் இன்று காலையில் மேபலும் ஷிராணியும் துப்பிவிட்டார்கள். அவரவர் பெயரை அவரவரே எழுதி, குழாயைக் கையில் வைத்துக்கொண்டே ஒட்டினார்கள். நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். குழாய் இரண்டும் இன்று கூரியரில் போகிறது, வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலும் இரண்டு பேரும் இரத்தம் கொடுக்கப் போகிறார்கள். ஆனால் அதெல்லாம் வந்து சேர நாள் ஆகும். அதற்கு முன் ஒரு வழி இருக்குமோ என்று யோசித்தேன், பைத்தியக்காரத்தனம் என்றால் சிரித்துவிடு. ஷிராணியின் கிளினிக் அட்டையில் இரத்த வகை போட்டிருக்கிறது. மேபல் கோயில் இரத்ததான முகாமில் கொடுத்தபோது கிடைத்த அட்டையும் அலுமாரியில் இருந்தது. எனக்கு இங்கிலீசு எழுத்து வராது, ஆனால் ஒன்று வெறும் வட்டம், மற்றது முதுகு நேராக இரண்டு வயிறு தள்ளிய எழுத்து, இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்கே தெரிந்தது. டீச்சரிடம் காட்டிக் கேட்டேன். மேபல் ஓ பொசிட்டிவ், ஷிராணி பி பொசிட்டிவ். முந்நூறு கோடி எழுத்தில் இரத்த வகையும் ஒரு இடத்தில் எழுதியிருக்கும்தானே. பழைய குழாய் இரண்டும் என்ன வகை என்று உன் புரோகிராம் வாசித்துச் சொன்னால், எது யாருடையது என்று அப்போதே தெரிந்துவிடாதா. இது சரி வரும் என்றால் உடனே பார். தெரிந்ததும் என்னிடம் தனியாகச் சொல் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அது மறுபடியும் ஒளித்து வைக்கிற வேலை. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போன் எடு.

மற்றபடி ஊரில் மழை, ரோட்டில் அரைவாசி கிண்டிப் போட்டிருக்கிறார்கள். அம்மா கோபத்தில் என்னோடு பேசுவதில்லை, ஆனால் தேத்தண்ணீர் மட்டும் நேரத்துக்கு வருகிறது. எங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டு உன் குளிசையை மறந்துவிடாதே, உனக்கும் அது இருக்கிறது என்பதை நீயே அடிக்கடி மறந்துபோய்ப் பேசுகிறாய். படியில் ஓடி ஏறாதே, தனியாக நீந்தப் போகாதே. மத்தியூவைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஆண்டவர் உன்னை எங்களுக்கு விட்டு வைக்கட்டும், உன் கண்ணுக்கும் கைக்கும் தெளிவு தரட்டும். அம்மாவும் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னாள், அதை மட்டும் பேசினாள்.

அடுத்த கிழமையும் எழுதுவேன், எந்த மகளின் பெயரை எழுத வேண்டி வந்தாலும். இன்று காலை ஆறரைக்கு இரண்டு பேரும் என் முன்னால் நின்று குளிசை விழுங்கினார்கள், அது வரை தினமும் அப்படித்தான். யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்படிக்கு உன் அப்பா,
ச. மரியசூசை