கவிழாத அடுப்பு

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் கூடாரம் போட்டுத் தங்கப் போனோம். கேஸ் அடுப்பு வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. கையடக்கமான ஒன்று ஆசை காட்டியது. நம் வீட்டு அடுப்பை வாங்கும்போது நீங்கள் பாத்திரத்தை ஏற்றி ஆட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. நானும் தண்ணீர்ப் பாத்திரம் கேட்டு வாங்கி ஆட்டினேன்.

"அடுப்பு வாங்க வந்தீங்களா டீச்சரம்மா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

சின்னது ஃபெயில். அகலமானதை வாங்கினேன். கூடாரத்துக்கு வெளியே சமைக்கும்போது கால் இடறி அதன்மேலேயே மோதினேன். கொதிக்கிற பாத்திரம் ஆடியது, கவிழவில்லை. பயப்படாதீர்கள், என்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. நன்றி உங்களுக்குத்தான்.

ஓய்வு பெற்ற பிறகும் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்ததில் பள்ளி மணி என்னை விடுவதாயில்லை, ஓடுகிறேன். காபிக்கு எவ்வளவு தூள் போடுவீர்கள் என்று எழுதுங்கள். இத்தனை வருஷமும் நீங்கள் போட்ட காபி கேட்காமலே கையில் கிடைத்துவிட்டது.

உங்கள் டீச்சர்