உள்ளே வைக்காத வார்

அண்ணே,

இன்று காலை ஒரு துண்டுத் தோலைத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தேன். நனைந்த மாட்டுத்தோலும் அதைப் பதனிட்ட ஆவாரம்பட்டையும் சேர்ந்து ஒரு மணம் வருமே, அது கடை முழுக்கப் பரவிவிட்டது. தினமும் முகர்கிற மணம்தான். ஆனால் வெளியே மழையும் பெய்துகொண்டிருந்தது. கடைவாசலில் யாரோ கம்பளியை உதறிக்கொண்டு "நானா" என்று கூப்பிட்டார்கள். ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். வந்தவர் பண்டாரவளைக்குப் போகும் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்க வந்தவர். கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் உங்களை அண்ணே என்பேன். நீங்கள் என்னை நானா என்பீர்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். நம்மில் யார் மூத்தவர் என்று கடைசிவரை நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை. நான் பதுளைக் கடைத்தெருவில் சேணம் தைக்கிறவன். நீங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். என் மனைவி மௌத்தான அன்று மழையில் அத்தனை தூரம் நடந்து வந்தீர்கள். பள்ளிவாசலுக்கு வெளியே நின்று, அடக்கம் முடியும்வரை காத்திருந்தீர்கள். பிறகு, அவள் நோயால் மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த என் கடையைத் திறந்து, குப்பையைக் கூட்டிவிட்டுப் போனீர்கள். அந்த ஒரு நாளுக்காகவே நான் உங்களுக்கு எதையும் ஒழுங்காகச் செய்து தந்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? சாக்குத் துணியில் சுற்றிய கவ்வாத்துக் கத்தியோடு வந்தீர்கள்.

"திங்கக்கெழம மேல்மலையில கவ்வாத்து நானா. ஒத்தயடிப் பாதையில பொம்பளைங்க முன்னால போறாங்க. யாரு மேலயாவது பட்டுருமோன்னு பயமா இருக்கு. இதுக்கு ஒரு உறை தச்சுத் தாங்க."

தோட்டத்துத் துரையின் சேணம் அன்று மாலைக்குள் பங்களாவுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் "இருங்க அண்ணே, இப்பவே தாறேன்" என்றேன். கத்தியைத் தோல்மேல் வைத்துக் கோடு கிழித்தேன். வெட்டி, நனைத்து, மடித்தேன். உறையின் இரண்டு தோலுக்கும் நடுவில், தையல் ஓரமாக, ஒரு மெல்லிய வார் வைக்க வேண்டும். கத்தியின் கூர் தையல் நூலைத் தொடாமல் தடுப்பது அதுதான். அந்த வாரை வெட்டியும் வைத்தேன். அதையும் சேர்த்துத் துளையிட்டால் வேலை இரட்டிப்பாகும். ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். "அந்தச் சின்ன வாரு எதுக்கு நானா? தூரப் போட்டுட்டீங்க?"

"அது தேவையில்ல அண்ணே."

தைத்து முடித்ததும் மாட்டுக்கொம்பால் விளிம்பைத் தேய்த்தேன். தேன்மெழுகு தடவினேன். துணியால் தேய்த்துத் தேய்த்து, கறுத்த தோலில் வெளிச்சம் தெரியும்வரை மெருகேற்றினேன். அந்த மெருகுக்கு ஆன நேரத்தில் வாரை வைத்திருக்கலாம். இதை எத்தனை தடவை நினைத்திருப்பேன்!

நீங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்து காட்டினீர்கள். "மாப்பிள்ள மாதிரி இருக்கேனா?" என்று சிரித்தீர்கள்.

வியாழக்கிழமை பகலில் சேதி வந்தது. மழைச் சேற்றில் சரிவிலே சறுக்கி விழுந்துவிட்டீர்கள் என்றும், கத்தி தொடையில் இறங்கிவிட்டது என்றும், சாக்கில் கம்பு கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். கடையைப் பூட்டாமலே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை உங்கள் கட்டிலருகே நின்று எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"உறையில போட மறந்துட்டேங்க," என்றீர்கள். "கையிலயே வச்சிருந்தேன்."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளை போனார், உங்கள் மனைவி தண்ணீர் எடுக்கப் போனாள். கம்பளிக்கு அடியிலிருந்து அந்த உறையை எடுத்து நீட்டினீர்கள். ஓரத்துத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு அறுந்திருந்தது.

"இத எடுத்துட்டுப் போயிருங்க நானா. யாரு கண்ணுலயும் பட வேணாம். தெரிஞ்சா ஒருத்தனும் ஒங்க கடைப்பக்கம் வர மாட்டான்."

"அண்ணே, நான்..."

"விடுங்க. காலு ஆறிரும்."

கால் ஆறவில்லை. புண் பழுத்துக் காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் போய்விட்டீர்கள். உங்களை அடக்கம் செய்தபோது நானும் தோட்டத்தில் நின்றேன். பக்கத்தில் ஒருவர், "இம்புட்டு நல்ல உறை தச்சுக் குடுத்தும் அதுல போடாம போயிட்டானே மனுசன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாய் திறக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்கள் சாவைக் கேட்டுப் பயந்துபோன கவ்வாத்துக்காரர்கள் ஒவ்வொருவராக என்னிடம் உறை கேட்டு வந்தார்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் வார் வைத்துத் தைத்தேன். நாலு மாதம் தைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி வந்தாள். அதே கத்தி, அதே சாக்குத் துணி.

"எந் தம்பி கவ்வாத்துக்குப் போறான் நானா. அவரு செஞ்ச தப்ப இவன் செஞ்சிரக் கூடாது. ஒரு உறை தச்சுத் தாங்க. தெனமும் சொல்லிச் சொல்லிப் போட வைக்கிறேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பெட்டியிலிருந்து பழைய உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"அவர் ஒரு தப்பும் செய்யல்ல தங்கச்சி. கத்தி இதுக்குள்ளதான் இருந்திச்சி. நான் வைக்க வேண்டிய வார வைக்கல்ல. என்னைக் காப்பாத்தத்தான் அவர் அப்படிச் சொன்னார்."

அறுந்த நூலை அவள் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"நாலு மாசமா அவரத்தான் நானா திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றாள். "அடுப்பு மூட்டயில, கொழுந்து எடுக்கயில, எந்நேரமும். கவனங்கெட்ட மனுசன், எங்கள அனாதயா விட்டுட்டுப் போயிட்டான்னு."

கத்தியை என் பக்கம் தள்ளினாள்.

"தைங்க. நான் இங்கயே இருக்கேன்."

அவள் பார்த்திருக்கத் தைத்தேன். வாரை நடுவில் வைத்ததும் "நில்லுங்க" என்றாள். குனிந்து, அடியிலிருந்து நுனிவரை அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். மூன்று தோலையும் சேர்த்துத் துளையிட்டுத் தைத்தேன். முடித்துக் கொம்பை எடுத்தேன்.

"மெருகு வேணாம்," என்றாள். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை தோட்டத்துக்கு நடந்து போனேன். ஆள் கூடி நிற்கும் பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை முன்னால், எல்லாருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் என்னை அடிக்கவில்லை. சிலர் அன்றோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். சிலர் இன்னும் வருகிறார்கள். ஆறு வருஷம் ஆகிறது.

இறைவனுக்குச் செய்த பிழையை இறைவனே மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று எங்கள் மார்க்கத்தில் சொல்வார்கள். உறை அறுந்ததற்கு நீங்கள் என்னை அந்தக் கட்டிலிலேயே மன்னித்துவிட்டீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் செத்த பிறகு நாலு மாதம் உங்கள் வீட்டிலேயே நீங்கள் ஏச்சு வாங்கினீர்களே, அதற்கு யாரிடம் போய்க் கேட்பேன்? கேட்க வேண்டியது உங்களிடம். இறைவனிடம் அதைக் கேட்க முடியாமல்தான் ஒவ்வொரு தொழுகையிலிருந்தும் எழுந்து வருகிறேன், அண்ணே.