மதியம் நான் கூப்பிடாத காரணம்

மாமாவுக்கு முப்பிடாதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் இடுப்புவலி தேவலையா?

நேற்று தி.நகரில் வேலைக்குப் போகும்போது ஷேர் ஆட்டோக்காரர் போன் பேசிக்கொண்டே நடுரோட்டு மீடியன் சுவரில் முட்டிவிட்டார். எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

"போனை வச்சுட்டு ஓட்டுங்கண்ணே!" என்று கத்தினேன்.

"ஊர்லேர்ந்து சம்சாரம் கூப்புடுது. எடுக்கலைன்னா பயந்துக்கும். இன்னா பண்ணச் சொல்றம்மா?" என்றார்.

உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் மினி பஸ் ஓட்டும் நேரம் என்று தெரிந்தேதான் தினமும் மதியம் கூப்பிடுகிறேன். நீங்களும் எடுத்துவிடுகிறீர்கள். இனிமேல் கூப்பிட மாட்டேன். இப்போதே கை பரபரக்கிறது.

யாராவது இங்கே வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பஸ்ஸை நிறுத்தியதும் நீங்களே கூப்பிடுங்கள். எத்தனை மணியானாலும் அதற்கப்புறம்தான் டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

முப்பிடாதி