நாலு நம்பர் சொல்லு மாமு

10 ஜூலை 2025, வியாழன்
மதியம் கரண்ட் போய் வந்தது. டிவி திரும்பவும் எல்லாத்தையும் மறந்துவிட்டது. உள்ளே போகணும்னா கோடு நம்பர் போடு என்கிறது. பத்து வருஷமா உன் மூஞ்சிலதான் முழிக்கிறேன், நான் யாருன்னு தெரியலியா உனுக்கு? ஸ்மார்ட் டிவியாம். ஸ்மார்ட்டு எப்பவோ போச்சு, டிவி மட்டும் பாக்கி.

படம் பார்க்கிற கணக்கு அமீருதீன் பேரில். நாலு நம்பர் கோடு அவன் போனுக்குத்தான் போகும். போன் போட்டேன்.

"இன்னா மாமு, புட்டுக்கிச்சா?"

"புட்டுக்கிச்சு. நம்பர் சொல்லு."

சொன்னான். அப்புறம் அவன் முட்டி வலி, எண்ணூர்ல துணி காயப்போட்டா சாம்பல் படியறது, பேரன் பேசுற இங்கிலீஷ் என்று அரை மணி நேரம். அதுக்குள்ள நம்பர் காலாவதி. மறுபடி ஒண்ணு வாங்கிச் சொன்னான்.

13 ஜூலை, ஞாயிறு
இந்த டிவி வந்தப்போ அமீரு இங்கே ராயபுரத்துல பக்கத்து வூடு. ஹார்பர்ல ரெண்டு பேரும் கிரேன் ஓட்டினோம். ஷிஃப்ட் முடிஞ்சு குளிச்சிட்டு லுங்கியோட வந்து குந்துவான். டப்பிங் சீரியல்ல வெள்ளைக்காரப் போலீஸ் துப்பாக்கியை நீட்டி "அசையாதே, சரணடைந்துவிடு" என்பான். அமீரு சத்தத்தைக் குறைத்துவிட்டு அவனே பேசுவான்: "டேய் கய்தே, ஆடாத, அப்படியே குந்து." திருடனுக்கு நான்: "இன்னா சார், காலங்காத்தால பேஜாரு பண்றே." என் பொண்டாட்டி பிலோமினா மீன் வறுத்துகினே சிரிப்பா. அவன் பொண்டாட்டி ஷரீஃபுன்னிசாவுக்குச் சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துடும். நடுவுல படம் நின்னு வட்டம் சுத்தும். சுத்தட்டும்னு டீ குடிப்போம். யாருக்கு அவசரம்?

போன வருஷம் அவங்க மகன் ஷாரிக்கோட எண்ணூருக்குப் போயிட்டாங்க. கிட்டத்துலதான். ஆனா அவனுக்கு முட்டி, எனக்கு மூச்சு. இப்ப போலீஸ் சுத்தத் தமிழ்ல பேசிட்டுப் போறான், பதிலுக்குப் பேச ஆளில்லை. அவன் இல்லாம வெறிச்சுனு கீது.

19 ஜூலை, சனி
டிவியில் புதுசா ஒரு கறுப்புப் பட்டை. மாடல் பழசாயிடுச்சாம், ஜூலை 31க்கு அப்புறம் இந்த டிவியில் படம் வராதாம். பிலோமினா ரெண்டு தடவை படிச்சுக் காட்டி, மகள் ஜாஸ்மினுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டா. கேட்டேனா நான்?

22 ஜூலை, செவ்வாய்
பிளக்கைப் பிடுங்கும்போது பிலோமினா பார்த்துட்டா.

"கரண்ட்டு கீதே, இன்னாத்துக்குப் புடுங்குற?"

"தூசி."

"உன் தோஸ்து கூடப் பேசணும்னா பேசேன்யா. அதுக்கு டிவிய ஏன் சாவடிக்கிற?"

சும்மா போன் போட்டு என்னத்தப் பேசறது? ஹார்பர்ல இத்தனை வருஷம் 'தூக்கு', 'இறக்கு', 'நிறுத்து' — அவ்வளவுதான் எங்க பேச்சு. நல்லா கீறியான்னு அவனைக் கேட்க எனக்கு வாய் வராது. நம்பர் கேட்டா மீதி தானா வரும். இனிமே?

27 ஜூலை, ஞாயிறு
ஜாஸ்மினும் மருமகன் பிராங்கிளினும் புது டிவி கொண்டாந்து மாட்டினார்கள். அவன் கணக்கையே போட்டுக் கொடுத்தான். "இனிமே கோடு கீடு ஒண்ணும் வேணாம் மாமா, யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்." ரொம்ப சந்தோஷம்பா என்றேன். பொய்.

3 ஆகஸ்ட், ஞாயிறு
கரண்ட் போச்சு, வந்தது. புது டிவி எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கு. சனியன்.

9 ஆகஸ்ட், சனி
காலையில் போன். அமீரு.

"இன்னா மாமு, உன் ஏரியால இப்பல்லாம் கரண்ட்டே போறதில்லியா?"

புது டிவி வந்ததைச் சொன்னேன். இனிமே கோடு வேணாம் என்றும் சொன்னேன்.

"சரி, எழுதிக்க," என்றான். "ஏழு. ரெண்டு. ஒம்போது. நாலு."

"நான் கேக்கவே இல்லியே மாமு."

"கேக்காட்டி இன்னா? போட்டுப் பாரு."

டிவி அணைஞ்சுதான் கிடந்தது. ரிமோட் எங்கேன்னுகூடத் தெரியாது.

"தப்புன்னு வருது மாமு," என்றேன். "வேற சொல்லு."