நான்கு எண்ணும் வரை நகராத கார்

லாங் மவுண்டன், மொரீஷியஸ்
18.2.1968

அன்பு மகன் சின்னனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இங்கே உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், அதை முதலில் மனதில் வாங்கிக்கொள், மற்றதை உட்கார்ந்து படி. லண்டன் குளிரில் உனக்கு மார்ச்சளி இல்லாமல் இருக்கிறதா, கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள்கிறாயா. உன் தங்கை ருக்மணிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, மாப்பிள்ளை ரிவியேர் டு ராம்பாரில் வேலையை விட்டு வர முடியாமல் அவளை இங்கே விட்டிருக்கிறார். ஊர் நிலவரம் ரேடியோவில் கேட்டிருப்பாய். அடுத்த மாதம் சுதந்திரம் என்கிறார்கள், ஆனால் போர்ட் லூயிஸில் கலகம் நடந்ததிலிருந்து பட்டாளம் ரோட்டில் நிற்கிறது, வண்டிகளை நிறுத்திப் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

இப்போது கார் விஷயம். எஸ்டேட் துரை ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவிடம் கொடுத்துப்போன அந்தப் பெரிய கார், கிளட்ச் இல்லாமல் தானே கியர் போட்டுக்கொள்கிறது என்று தெருவே வந்து பார்த்ததே, அதில்தான் வினை வந்தது. நீ கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் அதன் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினாய் அல்லவா, அதற்குப் பிறகு ஓடும்போது இஞ்சின் கத்துமே தவிர அடுத்த கியர் சீக்கிரம் விழாது. போகப்போக, நின்ற இடத்தில் லீவரைத் தள்ளினாலும் உடனே பிடிக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் எண்ணுவேன், தீபாவளிக்கு இரண்டு எண்ணினேன், பொங்கலுக்கு மூன்று, இந்த மாதம் நான்கு, அதற்குப் பிறகுதான் முதுகில் அறைந்த மாதிரி குதித்து நகரும். அப்பா தினமும் காலையில் இஞ்சினைப் போடுவதற்கு முன்னால் கியர்பாக்ஸ் ஆயிலின் அளவுகோலை எடுத்துத் துடைத்துப் பார்ப்பார், ஆயில் கோடுவரைக்கும் இருக்கிறது, பழைய கியர்பாக்ஸ் அப்படித்தான் இருக்கும் என்பார். மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று நான் சொன்னால் எரிந்து விழுவார், ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ருக்மணியை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பினோம். வழியில் சிப்பாய்கள் நிறுத்தினார்கள், பின்னால் பார்த்தார்கள், வயிற்றுப்பிள்ளைக்காரி என்று தெரிந்ததும் போகலாம் என்று ஒருவன் கையைக் காட்டினான். அப்பா லீவரைத் தள்ளினார், கார் அசையவில்லை. அவன் மறுபடி கையைக் காட்டினான், நாங்கள் அப்படியே நின்றோம். சொல்வதைக் கேட்காமல் நிற்கிறோம் என்று நினைத்தானோ என்னவோ, முன்னால் வந்து பானெட்டில் கையால் தட்டினான். அந்த நேரம் பார்த்துத்தான் கியர் பிடித்தது. கார் குதித்தது, அவன் பக்கத்தில் பாய்ந்து விழுந்தான், மற்ற இரண்டு பேரும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். சின்னா, அந்தக் குழல் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அப்பா பிரேக்கை மிதித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி, கியர், கியர் என்று தெரிந்த இங்கிலீஷில் கத்தினார். ருக்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சீட்டில் சுருண்டு குனிந்துவிட்டாள், அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. விழுந்தவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, கிழவரை விட்டுவிடு என்கிற மாதிரி ஏதோ சொன்னான், துப்பாக்கி இறங்கியது. அவன் பெற்றவள் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், இந்தக் காரில் இனி என் மகள் ஏறமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அப்பா காரை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். ரோஸ் ஹில்லில் பட்டறை வைத்திருக்கிற ஏர்வே, எஸ்டேட்டில் அப்பாவோடு வேலை பார்த்தவர், அவரிடம் போனோம். அவர் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. நன்றாகச் சூடாகும்வரை காரை ஓட்டி வந்தார், இஞ்சினை நிறுத்தாமலே லீவரை ஒவ்வொரு இடமாகத் தள்ளி எடுத்தார், அப்புறம்தான் அளவுகோலை விட்டார். கோலின் நுனியில்தான் ஆயில் இருந்தது. முனிசாமி, இதை இஞ்சின் நிற்கும்போது அளந்தால் பொய் சொல்லும், ஓடும்போதுதான் உண்மை தெரியும் என்று அப்பாவிடம் கிரியோல் பாஷையில் சொன்னார். ஆயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தார், கருகவில்லை, தப்பித்தாய் என்றார். கியர்பாக்ஸ் அடித்தட்டின் கேஸ்கெட் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. அப்புறம் பானெட்டுக்குள் குனிந்தார். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற கேபிளை யாரோ அளவுக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் கியர் தாமதமாக விழுகிறது, முரட்டுத்தனமாகவும் விழுகிறது என்றார். யார் கட்டியது என்று கேட்டார். உன் அப்பா, நான்தான் என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கேபிளை அப்படிக் கட்டியது நீ என்று முதல் நாளே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் மகன் செய்த வேலையை நாலு பேர் குறை சொல்வார்கள் என்று இத்தனை மாதம் எங்களை அதில் ஏற்றிக்கொண்டு அலைந்திருக்கிறார். ஏர்வே வடிகட்டியைக் கழுவி, புது கேஸ்கெட் போட்டு, புது ஆயில் ஊற்றி, கேபிளைச் சரியாக வைத்துக் கொடுத்தார். லீவரைத் தள்ளியதும் கார் பிடித்தது, எண்ணுவதற்கே நேரம் இல்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வழியெல்லாம் சண்டை போட்டேன். இதை அவனுக்கு எழுதாதே, தெரிந்தால் அவனுக்கு வேலையில் கை நடுங்கும் என்றார். நடுங்கட்டும், அவன் அங்கே அறுபது பேர் ஏறுகிற பஸ்ஸின் இஞ்சினைத் திறந்து மூடுகிறான், நடுங்கினால்தான் இரண்டாம் தடவை சரிபார்ப்பான் என்றேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, சரி எழுது, ஆனால் ஆயிலைத் தப்பாக அளந்தது நான் என்பதை முதலில் எழுது என்றார். எழுதிவிட்டேன், வரிசைதான் மாறிப்போய்விட்டது.

ருக்மணியும் வயிற்றுப்பிள்ளையும் சுகம் என்று டாக்டர் மறுபடி பார்த்துச் சொன்னார். உன் கைக்குத் தெளிவும் உன் ஆயுசுக்குப் பலமும் முருகன் கொடுக்கட்டும். பதிலை எனக்கு எழுதாதே, அப்பா பேருக்கு எழுது, தமிழ் தடுமாறினாலும் உன் கையெழுத்தாக இருக்கட்டும்.

உன் நலமே வேண்டும் தாய்,
பூங்காவனம்