பச்சை மட்டும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துவைத்த எதுவும் காயவில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான எங்கள் பயிற்சி மையத்தில் மூன்று பேருக்கு மதிப்பீடு. காலியிடம் ஒன்றே ஒன்று.

கடைசியாக வந்தவள் செல்வி. வயது பதினைந்து, ஊர் குரங்கணி, பேச்சு நாலைந்து சொல். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அம்மா பேச்சியம்மாவுக்கு ஏலத்தோட்ட வேலை.

வண்ணக் கட்டைகளைக் கொட்டி, "பிரிச்சு வை" என்றேன். பச்சை நான்கையும் தன் பக்கம் இழுத்து வரிசையாக வைத்தாள். மீதியைப் புறங்கையால் தரையில் தள்ளினாள். இரண்டாம் முறையும் அதே. படிவத்தில் எழுதினேன்: "பொருட்களை எறிகிறாள்." அப்படி எழுதினால் இங்கே இடம் கிடையாது. தெரிந்துதான் எழுதினேன்.

வாங்க: ஊக்கு, சோப்பு, டார்ச்சுக்கு பேட்டரி. நூலகப் புத்தகம் தவணை தாண்டிவிட்டது.

ஜூலை 9, புதன்

தலைவலி. படிக்க ஓடவில்லை. பச்சை நான்கும் அவ்வளவு நேர் வரிசையில். எறிகிறவள் அடுக்குவாளா?

ஜூலை 10, வியாழன்

சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வீடு பார்த்து எழுத வேண்டும். குரங்கணி பஸ். செல்வி வீடு பூட்டு. டீக்கடையில், "காய் பொறுக்கப் போயிருப்பாக, கிடங்குல பாருங்க."

கிடங்கில் நீள மேசை, ஏழெட்டுப் பெண்கள், உலர்ந்த ஏலக்காய்க் குவியல். பச்சையாகப் பருத்ததைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். வெளுத்தது, வெடித்தது எல்லாம் புறங்கையால் ஒரு தள்ளு. கீழே விரித்த சாக்கில் விழுகிறது. மேசை ஓரத்தில் அம்மாவை ஒட்டி செ. அதே கை. அதே தள்ளு.

வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"எம்புட்டு வெரசா கழிச்சுப் போடுறா பாருங்க டீச்சரு," என்றாள் ஒருத்தி. "கங்காணி வேலையை இவகிட்ட குடுத்துட்டா நாமெல்லாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." எல்லோரும் சிரித்தார்கள். செ.-யும்.

தப்பாக எழுதிவிட்டேன் என்று பேச்சியம்மாவிடம் சொன்னேன். காய் பொறுக்கும் அவள் கை நிற்கவில்லை.

"அதுக்கென்ன ஆத்தா. நாங்க காயைப் பொறுக்குறோம், நீங்க புள்ளைகளைப் பொறுக்குறீக. சோலி ஒண்ணுதானே."

கோபமாகச் சொல்லவில்லை.

எல்லாருக்கும் ஒரே கட்டை, ஒரே கேள்வி. அதுதான் நியாயம் என்று படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படித்தான் வைத்தேன். அவள் எந்த மேசையிலிருந்து எழுந்து வந்தாள் என்று கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சேர்க்கைக் கூட்டம். மையப் பொறுப்பாளர் மேடம்: "எழுதினதை அடிச்சா, ஆய்வுக்கு வர்றவங்க உன்னைத்தான் கேப்பாங்க. நீ வந்தே ஆறு மாசம் ஆகலைம்மா."

அடித்தேன். "எறிகிறாள்" மேல் ஒரு கோடு. பக்கத்தில் "ஆகாததைக் கழிக்கிறாள்." கீழே காரணம், கையெழுத்து.

மேடம் இரண்டு முறை படித்தார். "ஒரு மாசம் பாப்போம். எறிஞ்சான்னா அன்னிக்கே அனுப்பிருவேன்."

மற்ற இருவரின் படிவங்கள் அலமாரிக்குள் போயின. அவற்றில் என்ன தப்பு எழுதியிருக்கிறேனோ.

ஜூலை 14, திங்கள்

நல்ல வெயில். குரங்கணி ஜீப்பு லேட்டு. செ. பத்தரைக்குத்தான் வந்தாள். புதுப் பாவாடை, தலையில் கனகாம்பரம். பேச்சியம்மா வாசலோடு திரும்பிவிட்டாள்.

பதினொன்றுக்கு எல்லாருக்கும் வறுத்த கடலை. செ. தட்டை இழுத்து வைத்தாள். விரலால் துழாவினாள். புறங்கை போனது. நாலைந்து கடலை தரையில் உருண்டன.

ஆயா லட்சுமி அக்கா கத்தினார்: "டீச்சர், ஆரம்பிச்சுட்டா பாருங்க! எறியுறா!"

மேடம் அறைக் கதவு திறந்தது.

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அத்தனையும் சொத்தை.