சிங்க் போட்டும் பச்சை பிடிக்காத கோடு

என் உயிருக்கு நெருங்கிய மாப்பிள்ளை காதருக்கு,

நீ கண் மூடிய பிறகு வந்த முதல் சம்பா இது. நீ கோட்டை என்று சொன்னது கோட்டையேதான். ஊரே பார்க்க நிரூபித்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சாவகாசமாகக் கேள்.

என் வயலில் நட்ட ஒரு மாதத்தில் ஒரு பட்டை மட்டும் மஞ்சளிக்குமே, நினைவிருக்கிறதா? "சிங்க் கொறவுதான் மச்சான், போடு" என்று உன் உரக்கடையிலிருந்து ஆறு வருஷம் அள்ளிக் கொடுத்தாய். ஆறு வருஷமும் போட்டேன். பச்சை பிடிக்கவில்லை. குத்தாலத்தைச் சுற்றி எல்லாரும் செய்கிற தப்புதான். பயிர் மஞ்சளித்தால் மருந்தைத் தேடுவோம். மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க மாட்டோம்.

ஏழாவது வருஷம் உனக்கே கோபம் வந்து, மேலிருந்தே பார்த்துவிடுகிறேன் என்று ஊர்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினாய். கீழே நின்ற எனக்கு உன் கூச்சல்தான் கேட்டது.

"மச்சான், ஒன் வயலோட நிக்கல! நாலு பேரு வயல்ல போயி, ஒன் வயல் மூலையில வளைஞ்சு திரும்புது. இது நோயில்ல, செவுரு!"

அன்றிலிருந்து நம் இருவருக்கும் அதுதான் வேலை. சுவருக்கு வெளியே, வெயிலிலும் சேறு காயாத பள்ளம்தான் அகழி. ஊர் நிலக் கணக்கான பழைய அடங்கலைப் புரட்டினோம். கிழக்கே லாயக்கொல்லை, தெற்கே பீரங்கிமேடு, கோட்டை வாசலுக்கு எதிரே சந்தைத்திடல். பிறந்ததிலிருந்து நம் வாயில் புழங்கிய பெயர்கள்; ஒருவருக்காவது உறைத்ததா? "எங்கேர்ந்தோ வந்து இங்க காவல் நின்ன சிப்பாய்க்கு உப்பு புளி வித்தவன் என் பாட்டனாத்தான் இருப்பான்" என்று மார்தட்டுவாய்.

அப்போது நம் மனுவுக்காகப் பார்க்க வந்த அதிகாரி வண்டியை விட்டு இறங்காமலே "பழைய வாய்க்கால் கரை" என்றார். எத்தனையாவது படித்திருக்கிறீர்கள் என்று வேறு கேட்டார். "அவரு அஞ்சு, நான் எட்டு. கூட்டிக்குங்க சார், பதிமூணு" என்றாயே! அவர் சிரிக்கவில்லை. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த மார்கழியில், கோட்டையின் தென்கிழக்கு மூலையில் மிச்சமிருக்கும் மேட்டை வெட்டிச் சாலைக்கு மண் எடுக்க இயந்திரம் வந்தது. குறுக்கே போய் நின்றேன். ஆதாரம் கேட்டார்கள். எத்தனையாவது மனுவோ, மறுபடி எழுதிப் போட்டேன். இந்தத் தடவை தொல்லியல் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். தொட்டியைக் காட்டினேன். மளமளவென்று ஏறினார். இறங்கி வந்து, "தோண்டிப் பாக்கணும் ஐயா. ஆனா பயிர் நிக்குதே?" என்றார்.

கதிர் பால் பிடித்திருந்த நேரம். "அறுப்பு முடியட்டும்னு சொல்லுங்கப்பா" என்று மகன் கெஞ்சினான். அதுவரை மேடு இருக்குமா? பால் கதிரை அறுப்பவனை நம் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? வேறு யார் கையிலும் கொடுக்க மனமில்லை. நானே அரிவாளை எடுத்தேன்.

தோண்டினால் முழங்கால் ஆழத்தில் செங்கல், மாப்ளே! வரிசை குலையாமல் ஓடி, நீ தொட்டி மேலிருந்து கைகாட்டிய அதே இடத்தில் வளைகிறது. எந்த ஆட்சியின் படை இங்கே இருந்தது என்று இன்னும் சொல்லவில்லை. படைக்காகக் கட்டியதுதான் என்கிறார்கள். இயந்திரம் வந்த வழியே போய்விட்டது. மேடு நிற்கிறது.

"மொதல்ல கண்டுபிடிச்சது யாருங்கய்யா?" என்று அந்த அம்மா பேனாவை எடுத்தார். உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

"அவரு என்ன படிச்சிருந்தாரு?"

"பதிமூணு" என்றேன்.

இனி என் உயிர் உள்ளவரை அந்தக் கோட்டின் மேல் ஒரு பிடி சிங்க் விழாது. தோண்டிய குழியை மூடிய பிறகு ஒவ்வொரு சம்பாவுக்கும் அதிலும் நடுவேன், மஞ்சளிக்க விடுவேன். வருகிறவர்கள் தொட்டி மேல் ஏறி உன் கோட்டையைப் பார்க்கட்டும்.

எவருக்கும் வளையாத உன் மச்சான்,
கோவிந்தராசு